திருகோணமலையில் பால் வாங்குவோருக்கு: பாலில் பீடைநாசினி எச்சம் பற்றி எதைக் கேட்பது, எதைச் செய்வது

இந்தக் கட்டுரை இரண்டு விதமான ஆட்களை நினைத்து எழுதியது. ஒன்று, பிள்ளைக்கு ஒரு வயது கழிந்து, இனிப் பசும்பால் கொடுக்கலாம் என்று தொடங்கும் இளம் குடும்பங்கள். மற்றது, வேலை மாற்றலாகியோ வெளிநாட்டிலிருந்து திரும்பியோ திருகோணமலைக்குக் குடிவந்து, பக்கத்து வீட்டுக்காரர் காட்டிய ஆளிடம் காலையில் போத்தல் கணக்கில் பால் வாங்கத் தொடங்கியவர்கள். இரண்டு பேரும் கொஞ்ச நாளில் ஒரே கேள்விக்கு வந்து சேர்கிறார்கள்: "வயலுக்கு இவ்வளவு மருந்து அடிக்கிறார்களே, அது மாட்டுக்குள்ளே போய்ப் பாலில் வராதா?"

வரும். எல்லா மருந்தும் வராது, வருவதும் பெரும்பாலும் மிகச் சிறிய அளவில்தான் வரும். ஆனால் வந்துவிட்டதை அடுப்பில் வைத்து எடுக்க முடியாது. அதனால் இந்த விஷயத்தில் நாம் செய்யவேண்டிய வேலையில் பெரும்பகுதி குசினியில் இல்லை, மாட்டுப் பட்டியில் இருக்கிறது. பால் கொடுப்பவரிடம் சரியான நாலு கேள்வி கேட்கப் பழகிக்கொண்டால் பாதிக்கு மேல் முடிந்த மாதிரி. பயந்துபோய்ப் பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட வேண்டாம். அப்படி நிறுத்தினால் வரும் நட்டம் நிச்சயமானது. எச்சத்தால் வரும் நட்டத்தையோ பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். அந்தக் கணக்கையும் கீழே போட்டுக் காட்டுகிறேன்.

உங்கள் பால் எந்த வழியால் வருகிறது?

முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். நகரத்தில் ஒரு வீட்டுக்குப் பால் சாதாரணமாக மூன்று வழியால் வருகிறது. ஒரு மாட்டுக்காரரிடமிருந்து நேரே வருவது. பால் சேகரிப்பு நிலையத்தில் பல பட்டிகளின் பால் ஒன்றாகி, தொழிற்சாலைக்குப் போய்ப் பைக்கற்றிலோ போத்தலிலோ வருவது. பிறகு பால்மா. இதோடு தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கமிருந்து வரும் தயிரையும் கிண்ணியாச் சட்டித் தயிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சத்தைப் பொறுத்தவரை இந்த வழிகளுக்குள் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. சேகரிப்பு நிலையப் பாலில் ஒரு பட்டியில் நடந்த பிழை நூறு பட்டிப் பாலோடு கலந்து நீர்த்துப்போகும். நேரே வாங்கும் பாலில் அது நடக்காது. அந்த ஒரு மாட்டுக்காரர் கவனமானவர் என்றால் உங்களுக்குக் கிடைப்பது மிக நல்ல பால். அவர் கவனமில்லாதவர் என்றால் முழுப் பங்கும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும், அதுவும் தினமும். நேரே வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. கேள்வி கேட்கும் வசதி அந்த வழியில் மட்டும்தான் இருக்கிறது. பைக்கற்றிடம் யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

பால்மாக்காரர்கள் தங்களுக்கு இந்தக் கதை பொருந்தாது என்று நினைக்கக் கூடாது. 2013இல் நியூசிலாந்துப் பால்மாவில் டிசிடி என்ற பொருள் இருந்ததாக எழுந்த பிரச்சினை பலருக்கு நினைவிருக்கும். டிசிடி பீடைநாசினி அல்ல. பசளைச் சத்து மண்ணிலிருந்து கழுவுப்பட்டுப் போகாமல் இருக்க அங்கே புல் தரைக்குப் போட்ட ஒரு பொருள் அது. ஆனாலும் புல்லுக்குப் போட்டது பால் வரைக்கும் வரும் என்பதை அந்தச் சம்பவம் நம் ஊர்க் கடைத் தட்டு வரைக்கும் கொண்டுவந்து காட்டியது.

மருந்து பாலுக்குள் எப்படி வருகிறது?

இரண்டு வழி. மாடு தின்பதும் குடிப்பதும் ஒன்று. மாட்டின் உடம்பில் நாம் பூசுவது, ஊற்றுவது, ஊசியாகப் போடுவது மற்றது. நம் சனம் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது. எனக்கு இரண்டாவதில்தான் கவலை அதிகம், ஏனென்றால் அங்கே மருந்து நேரே பால் தரும் மாட்டின் மேலேயே படுகிறது.

அதற்கு முன் மருந்து வகைகளைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். எல்லா மருந்தும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

பழைய காலத்து ஒகனோகுளோரின் வகைகள், அதாவது டிடிடி, அல்ட்ரின், டியல்ட்ரின், லிண்டேன், எண்டோசல்ஃபான் போன்றவை, கொழுப்பில் கரைபவை. அவற்றில் பல இலேசில் அழியாதவை. மாடு தின்றால் கொழுப்பில் போய்த் தங்கும், பாலில் கொழுப்போடு வெளியே வரும். இலங்கையில் 1940களின் நடுவிலிருந்து 1970கள் வரை மலேரியாவுக்காக வீட்டுச் சுவர்களுக்கு டிடிடி அடித்தார்கள். பிறகு அதன் இடத்துக்கு மலத்தியன் வந்தது. எண்டோசல்ஃபான் 1998இல் இங்கே தடை செய்யப்பட்டது. இந்த மாதிரி அழியாத பொருட்களை உலக அளவில் ஒழிக்கும் ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை 2001இல் ஏற்றுக்கொள்ளப்பட்டு 2004இல் நடைமுறைக்கு வந்தது, இலங்கையும் அதில் இருக்கிறது. அப்படியென்றால் இதை ஏன் இன்னும் பேசவேண்டும்? டிடிடி மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். உடைந்தாலும் டிடிஈ என்ற இன்னொரு பொருளாகி மேலும் கிடக்கும். உலகில் எங்கே பாலைப் பரிசோதித்தாலும் தேடும் பட்டியலில் இவை இன்னும் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

இப்போது வயலுக்கும் தோட்டத்துக்கும் அடிக்கும் ஒகனோபொஸ்பேற்று, காபமேற்று வகைகள் வேறு மாதிரி. மாட்டின் உடம்பு அவற்றைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். பாலுக்கு வரும் பங்கு குறைவு. மருந்து அடித்த கையோடு மாட்டை மேயவிட்டாலோ, மருந்துபட்ட தீனியைத் தொடர்ந்து கொடுத்தாலோதான் பிரச்சினை. கிளைபோசேற்று என்ற களைநாசினியைப் பற்றி 2015ஆம் ஆண்டுத் தடைக்குப் பிறகு நாட்டில் பேச்சு நிற்கவேயில்லை. அதைப் பற்றி வேறு எத்தனை கேள்வி இருந்தாலும், அது தண்ணீரில் கரையும் பொருள், பாலின் கொழுப்பில் சேராது. பாலை மட்டும் வைத்துப் பார்த்தால் என் பட்டியலில் அது கீழேதான் வரும்.

பைரித்திரொயிட் வகைகள், அதாவது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவை, நடுவில் நிற்கின்றன. கொழுப்பில் கரைபவைதான், ஆனால் உடம்பு அவற்றை ஓரளவு உடைக்கும். இவை பயிருக்கும் அடிக்கப்படுகின்றன, மாட்டில் உண்ணிக்கும் போடப்படுகின்றன. ஆகவே இரண்டு வழியாலும் வரக்கூடியவை. கவனத்தை இங்கே வையுங்கள்.

தீனியும் காலமும்

நம் மாவட்டத்தில் மாட்டுத் தீனி வயலோடு கட்டுப்பட்டது. பெரும்போகத்தில் வயல் விதைத்துவிட்டால் பட்டிகள் வயற்காணியை விட்டு மேய்ச்சல் தரைக்கும் காட்டோரத்துக்கும் போகும். அறுவடை முடிந்ததும் திரும்பி வந்து அரிதாள் மேயும். வைக்கோல் கட்டி வைத்து வரட்சிக்குக் கொடுப்பார்கள். நெல்லின் கடைசி நாட்களில் பூச்சிக்கு மருந்து அடித்திருந்தால் அது வைக்கோலில் தங்க வாய்ப்புண்டு. மருந்துப் போத்தலின் லேபலில் "கடைசியாக அடித்து எத்தனை நாளுக்குப் பிறகு அறுவடை" என்று ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். அந்த நாட்களை மதித்த வயலின் வைக்கோலும் மதிக்காத வயலின் வைக்கோலும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

வரம்புப் புல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன். வயல் விதைத்த காலத்தில் வீட்டில் கட்டியிருக்கும் பால் மாட்டுக்கு எங்கிருந்து பச்சைப்புல் வருகிறது? வரம்பிலிருந்தும் வாய்க்கால் கரையிலிருந்தும் வெட்டிக் கட்டிக்கொண்டு வருவதுதான். அதே வரம்புக்குத்தான் களைநாசினியும் அடிக்கிறார்கள். பயிருக்கு அடித்த பூச்சிநாசினியும் காற்றில் அங்கேதான் படுகிறது. தம்பலகாமப் பக்கம் ஒரு வாய்க்காலில் பார்த்தது: ஒருவர் முதுகில் சுமக்கும் 16 லீட்டர் மருந்துத் தாங்கியை அடித்து முடித்ததும் வாய்க்காலுக்குள் அமிழ்த்தி, குலுக்கி, ஊற்றினார். வெள்ளையாக ஒரு வரி தண்ணீரோடு போனது. கொஞ்சம் கீழே எருமைகள் கழுத்தளவில் படுத்திருந்தன. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. தாங்கியைக் கழுவிய தண்ணீரையும் மருந்து அடித்த வயலுக்குள்ளேயே விசிறிவிட வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

நகரத்து மாடுகளுக்கு வேறு கதை. சந்தைக்குப் பின்னால் கோவா இலையும் பழுதான கறிமிளகாயும் தின்றுகொண்டு நிற்கும் மாடுகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கோவாவின் வெளி இலையில்தான் மருந்து அதிகம் இருக்கும். நாம் அதை உரித்து எறிகிறோம், மாடு அதைத்தான் தின்கிறது. இது சின்ன விஷயம் என்று நினைப்பவர்களுக்கு 1982இல் ஹவாயில், ஒஆஹு தீவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அன்னாசித் தோட்டத்தில் எறும்புக்கு ஹெப்டாகுளோர் என்ற ஒகனோகுளோரின் வகை மருந்தை அடித்திருந்தார்கள். அறுவடைக்குப் பிறகு அந்த அன்னாசி இலையை வெட்டிப் பால் மாடுகளுக்குத் தீனியாகக் கொடுத்தார்கள். தீவு முழுக்கக் கடைகளில் இருந்த பாலைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. பாலில் நடந்த பெரிய எச்சச் சம்பவங்களில் ஒன்று, பயிர்க் கழிவு வீணாகக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் தொடங்கியது.

இன்னொன்று. கொழுப்பில் ஏற்கெனவே தங்கிய பழைய பொருட்கள், மாடு மெலியும் காலத்தில் கொழுப்புக் கரைவதால் பாலுக்கு வரும். கன்று ஈன்ற முதல் கிழமைகளிலும், சோளகம் அடித்துப் புல் காய்ந்துபோகும் மாதங்களிலும் மாட்டுக்கு நல்ல தீனி கொடுப்பது பாலின் அளவுக்கு மட்டுமல்ல, இதற்கும் உதவும்.

மாட்டுக்காரரிடம் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது

சந்தேகப்படுவதுபோல் கேட்டால் ஒருவரும் உண்மை சொல்ல மாட்டார். "உங்கட பாலில மருந்து இருக்குதாமே?" என்று தொடங்கினால் அடுத்த நாள் பாலும் வராது. மாட்டைப் பற்றி விசாரியுங்கள். மாடு வளர்ப்பவருக்குத் தன் மாட்டைப் பற்றிப் பேசுவதைவிடப் பிடித்தது வேறில்லை.

"அண்ணை, இப்ப மாடு எங்க மேயுது? வைக்கோல் யாருடைய வயலால எடுத்தது?" இது முதல் கேள்வி. சொந்த வயல் என்றால் கடைசி மருந்து எப்போது அடித்தது என்று அவருக்கே தெரியும். அடுத்தவர் வயல் என்றால், "அடுத்தமுறை எடுக்கேக்க ஒருக்காக் கேட்டுப் பாருங்கோவன்" என்று சொன்னால் போதும்.

"உண்ணி கிண்ணி இருக்கோ நானா? என்ன போடுறீங்க?" இது இரண்டாவது, முக்கியமான கேள்வி. மறுமொழியைக் கவனமாகக் கேளுங்கள். "கால்நடை டொக்டர் தந்த மருந்து" என்றால் நல்லது. "வயலுக்கு வாங்கினதில கொஞ்சம் கலந்து பூசினனான்" என்றால் அன்றைக்கு அந்தப் பாலை வாங்க வேண்டாம். பயிருக்கான மருந்து மாட்டின் தோலுக்காகச் செய்யப்பட்டதல்ல. அதன் செறிவும் வேறு, அதோடு கலந்திருக்கும் கரைப்பான்களும் வேறு. மாட்டுக்கும் ஆபத்து, பூசுகிற மனிதருக்கும் ஆபத்து, பாலுக்கும் ஆபத்து.

கால்நடை மருந்து என்றாலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது: "இது போட்டா எத்தனை நாள் பால் விக்கக்கூடாதாம்?" உண்ணி மருந்து, குடற்புழு மருந்து, நுண்ணுயிர்க்கொல்லி ஊசி எல்லாவற்றுக்கும் லேபலில் இந்த நாட்கணக்கு இருக்கும். சிலவற்றுக்கு ஒரு நாளும் இல்லை, சிலவற்றுக்குப் பல நாள். ஐவர்மெக்டின் ஊசியைத் தனியாகச் சொல்ல வேண்டும். உண்ணிக்கும் குடற்புழுவுக்கும் நன்றாக வேலை செய்வதால் அதைப் பலர் விரும்புகிறார்கள். ஆனால் அது கொழுப்பில் கரையும், பாலில் நீண்ட நாள் வரும். மனிதர் குடிக்கப் பால் தரும் மாட்டுக்கு அதைப் போடக் கூடாது என்றுதான் பொதுவாக லேபலே சொல்கிறது. பால் வற்றிய காலத்தில் போடுவதா, வேறு மருந்து எடுப்பதா என்று கால்நடை வைத்தியர்தான் முடிவு சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு நியாயத்தையும் பேசவேண்டும். நாலு மாடு வைத்திருப்பவருக்கு ஒரு மாட்டின் பாலை ஒரு கிழமை ஊற்றிவிடச் சொல்வது இலேசான காரியம் அல்ல. அது அவர் வீட்டு உலைக்கான காசு. அவர் உங்களிடம் வந்து, "தங்கச்சி, சிவலைக்கு மருந்து போட்டிருக்கு, இந்தக் கிழமை பால் குறைவாத்தான் வரும்" என்று சொன்னால், அந்த நேர்மைக்கு மதிப்புக் கொடுங்கள். குறைந்த பாலுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். நுகர்வோர் பாதுகாப்பு என்று நாம் பேசுவதில் பாதி இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது.

மூன்றாவதாக, பால் கறக்கும், கொண்டுவரும் பாத்திரத்தைப் பாருங்கள். மருந்து வந்த கலனைக் கழுவி வேறு தேவைக்கு எடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் அது பாலுக்கோ தண்ணீருக்கோ ஆகாது. நாலாவது கேள்வி புண்ணாக்கைப் பற்றியது. ஈரமான இடத்தில் வைத்துப் பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அஃப்ளடொக்சின் என்ற பூஞ்சண நஞ்சு வரும். அது பீடைநாசினி அல்ல என்றாலும், தீனியைப் பற்றிப் பேச்சு வந்த இடத்தில் அதையும் கேட்டுவிடுவது நல்லது.

எவ்வளவு உள்ளே போகிறது? ஒரு கணக்கு

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். எச்சத்தைப் பற்றிப் படிக்கும்போது இரண்டு விதமான எல்லைகள் வரும். ஒன்று, ஓர் உணவில் இருக்கலாம் என்று சட்டம் ஒத்துக்கொள்ளும் அதிகபட்ச எச்ச அளவு. உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 1963இல் சேர்ந்து தொடங்கிய கோடெக்ஸ் குழு இதை உணவு உணவாக வகுக்கிறது. மற்றது, ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கத் தினமும் உட்கொண்டாலும் தீங்கு வராது என்று கணிக்கும் அளவு. இது உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் எவ்வளவு என்று சொல்லப்படும். முதலாவது விவசாயம் ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கிறது. இரண்டாவதுதான் உங்கள் உடம்பைப் பற்றியது. பால் முதல் எல்லையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தால், அது தவறு நடந்திருப்பதற்கு அடையாளம். அந்தப் பாலைக் குடித்தவர் நஞ்சு குடித்துவிட்டார் என்று அர்த்தம் இல்லை.

டிடிடியையே எடுத்துக்கொள்வோம். பாலுக்குக் கோடெக்ஸ் வைத்த எல்லை கிலோவுக்கு 0.02 மில்லிகிராம். நாளாந்தம் தாங்கக்கூடிய அளவு என்று 2000இல் நிபுணர் குழு வைத்தது உடல் நிறை கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்.

12 கிலோ நிறையுள்ள பிள்ளை நாளுக்கு 400 மில்லிலீட்டர் பால் குடிக்கிறது. அந்தப் பாலில் டிடிடி சரியாக எல்லையளவு இருக்கிறது என்று வைப்போம். உள்ளே போவது 0.4 பெருக்கல் 0.02, அதாவது 0.008 மில்லிகிராம். அதை 12ஆல் பிரித்தால் கிலோவுக்கு ஏறத்தாழ 0.0007. தாங்கக்கூடிய அளவில் இது கிட்டத்தட்ட 7 சதவீதம். அதே பாலை 60 கிலோ நிறையுள்ள தகப்பன் தேத்தண்ணிக்கு 200 மில்லிலீட்டர் எடுத்தால் அவருக்கு 0.7 சதவீதம்கூட வராது.

இந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒரே வீட்டில், ஒரே பாலில், பிள்ளைக்குப் போவது தகப்பனுக்குப் போவதைப்போல் பத்து மடங்கு. ஆகவே வீட்டில் யாருக்காகக் கவனம் எடுக்க வேண்டும் என்றால், ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்காக. அடுத்தது, எல்லையைப்போல் ஐந்து மடங்கு எச்சம் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்குதான் நிரம்புகிறது. ஒரு நாள் கெட்ட பால் வந்துவிட்டது என்று இரவு முழுக்க நித்திரை இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் அதே பட்டியிலிருந்து வந்தால்தான் கணக்கு மாறும். பால் மட்டும் அல்லாமல் மரக்கறி, பழம், சோறு எல்லாவற்றிலும் வருவதைக் கூட்டித்தான் ஒரு நாள் கணக்கு முடியும். என்னைக் கேட்டால், பெரும்பாலான வீடுகளில் இப்போதைய மருந்துகள் வரும் பெரிய வழி மரக்கறிதான், பால் அல்ல. பயிற்றங்காய், பாகற்காய், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கீரை இவற்றை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுவதும் கோவாவின் வெளி இலைகளைக் கழிப்பதும் உடனே பலன் தருபவை. பாலுக்கு அப்படிக் கழுவும் வழி கிடையாது.

குசினியில் எது உதவும், எது உதவாது

பால் காய்ச்சுவது கிருமிக்காக. புரூசெல்லா, காசநோய்க் கிருமி போன்றவை பச்சைப் பாலில் வரலாம், அதனால் எப்போதும் பொங்கக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். பீடைநாசினிக்கு அது மருந்தல்ல. சில பொருட்கள் சூட்டில் ஓரளவு குறையலாம், டிடிடி போன்றவை அசையாது. நம்பியிருக்கக் கூடிய வழி அது இல்லை. மஞ்சள் போட்டாலும் வேப்பிலை போட்டாலும் எச்சம் போகாது.

ஆடை எடுப்பது ஓரளவு உதவும், ஏனென்றால் கொழுப்பில் கரையும் பொருட்கள் கொழுப்போடு போய்விடும். ஆனால் வளரும் பிள்ளைக்குப் பால் கொழுப்பு வேண்டும். இரண்டு வயது வரை முழுப் பால்தான் கொடுக்க வேண்டும், எச்சத்துக்குப் பயந்து ஆடை எடுத்துக் கொடுக்க வேண்டாம். பெரியவர்கள் எடுத்துக் குடிக்கலாம்.

நெய்யும் தயிரும்? பசும்பாலில் கொழுப்பு ஏறத்தாழ 4 சதவீதம், எருமைப் பாலில் 7 அல்லது அதற்கு மேல். நெய் கிட்டத்தட்ட முழுக்கக் கொழுப்பு. கொழுப்பில் தங்கும் எச்சத்தைப் பொறுத்தவரை ஒரு தேக்கரண்டி நெய், அரைக் கோப்பைப் பசும்பாலுக்குச் சமம். இப்படிச் சொன்னால் நெய்யைக் கண்டு பயப்பட ஒன்றும் இல்லை என்று விளங்கும். ஒரு தேக்கரண்டியை யாரும் பத்துத் தேக்கரண்டியாகச் சாப்பிடுவதில்லை. சட்டித் தயிரும் அப்படித்தான். எருமைத் தயிர் கொழுப்புக் கூடியது, ஆனால் கித்துள் பாணி விட்டு ஒரு கிண்ணம் சாப்பிடுகிறோம், சட்டியோடு அல்ல. தயிர் உறையும்போது பக்றீரியா சில ஒகனோபொஸ்பேற்று மருந்துகளைக் கொஞ்சம் உடைக்கும் என்பது உண்மை. அதை ஒரு நன்மையாக எடுத்துக்கொள்ளலாம், பாதுகாப்பாக எடுக்க முடியாது.

பால்மானியால் எச்சத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பால்மானி பாலின் அடர்த்தியைத்தான் காட்டும். தண்ணீர் கலந்ததா என்று பார்க்க அது உதவும், மருந்துக்கு உதவாது. எச்சம் கண்டுபிடிக்க ஆய்வுகூடத்துக் கருவி வேண்டும். நிறத்திலும் மணத்திலும் ருசியிலும் தெரியாது.

தாய்ப்பால்

இதைக் கேட்காமல் ஒரு தாயும் இருக்க மாட்டார். மாட்டின் பாலில் வரும் கொழுப்பில் கரையும் பொருட்கள் மனிதப் பாலிலும் வரும். உலகில் பல நாடுகளில் தாய்ப்பாலில் டிடிடி எச்சத்தை அளந்திருக்கிறார்கள், அதைத் தெரிந்துகொண்டுதான் உலக சுகாதார நிறுவனம் முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது. கொடுப்பதால் வரும் நன்மை அவ்வளவு பெரியது. தாய்மார் செய்யக்கூடியது, மருந்து கலக்கும் இடத்துக்கும் அடித்த வயலுக்கும் போகாமல் இருப்பது, வயலுக்குப் போய்வந்தவரின் உடுப்பைத் தனியாகத் துவைப்பது. ஒரு வயதுக்கு முன் பிள்ளைக்குப் பசும்பாலை முக்கிய பாலாகக் கொடுக்கக் கூடாது, எச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கிளினிக்கில் கேளுங்கள்.

சந்தேகம் வந்தால் யாரிடம் போவது?

மாடு திடீரென்று வாயால் நுரை தள்ளி, நடுங்கி, கால் தள்ளாடினால் மருந்து தின்றிருக்கலாம். அந்தப் பட்டிப் பாலை அன்றே நிறுத்துங்கள். மாட்டுக்காரரை உடனே கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லச் சொல்லுங்கள், என்ன மருந்தின் போத்தல் கிட்ட இருந்தது என்று பார்த்து வைக்கச் சொல்லுங்கள். மாடு தப்பிவிட்டாலும், எத்தனை நாளுக்குப் பிறகு பால் எடுக்கலாம் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் மறுபடி வாங்க வேண்டும்.

மாட்டுக்கு ஒன்றும் இல்லை, ஆனால் பயிர் மருந்தை மாட்டுக்குப் பூசுகிறார்கள், மருந்துக் கலனில் பால் வருகிறது என்று தெரிந்தால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். ஊரில் பி.எச்.ஐ. என்றால் எல்லோருக்கும் தெரியும். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் இருப்பார். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் உணவு மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. நீங்களாக ஒரு போத்தலில் பாலை எடுத்துக்கொண்டு ஆய்வுகூடம் தேடி அலைவதைவிட இது நல்லது. நீங்கள் கொடுக்கும் மாதிரியின் முடிவை வைத்து யார் மீதும் நடவடிக்கை எடுப்பது கடினம். சொந்தமாகப் பரிசோதித்துப் பார்க்கத்தான் வேண்டும் என்றால், ஆய்வுகூடத்துக்கு முதலில் பேசி, எந்த மருந்துகளைத் தேடுவார்கள், எவ்வளவு பால் வேண்டும், எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று கேளுங்கள். கழுவிக் காயவைத்த கண்ணாடிப் போத்தலில், குளிரில் வைத்துக் கொண்டுபோவதுதான் பொதுவான முறை. "எல்லா மருந்தையும் பாருங்கள்" என்றால் செலவு ஏறும். மாட்டுக்காரர் என்ன மருந்து பாவித்தார் என்று தெரிந்துகொண்டு அதை மட்டும் கேட்டால் குறையும்.

கடையில் வாங்கிய பைக்கற் பாலிலோ பால்மாவிலோ முறைப்பாடு என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழைக்கலாம், பைக்கற்றையும் பற்றுச்சீட்டையும் எறியாமல் வைத்திருங்கள். பயிருக்கு எந்த மருந்து, எத்தனை நாள் இடைவெளி என்று உங்கள் மாட்டுக்காரருக்கோ அவருக்கு வைக்கோல் தருபவருக்கோ தெரிய வேண்டுமென்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920க்கு அழைக்கலாம், கமநல சேவை நிலையத்திலும் கேட்கலாம். பதிவு செய்யப்படாத மருந்தோ லேபல் இல்லாத போத்தலோ கடையில் விற்பனையாவதைக் கண்டால் அதுவும் முறையிடக்கூடிய குற்றம்தான். பேராதனையில் உள்ள பீடைநாசினிப் பதிவாளர் அலுவலகம் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இதற்காகவே இருக்கிறது. முறையிடும்போது போத்தலின் படம், கடை இருக்கும் இடம், கண்ட திகதி மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.